ஒளடதச் சட்டமும் 109 ஆம் பிரிவும்

அரிசியை அள்ளிப் பார்த்தும் மீனின் செவுளை விரித்துப் பார்த்தும் வாங்குகின்ற நாம், மருந்தை அவ்வாறு பார்த்து வாங்க முடியாது. நோயாளியின் நாளத்தில் ஏற்றப்படும் திரவத்தில் என்ன இருக்கின்றது என்பதை அவரோ, அதனை ஏற்றும் தாதியோ, எழுதிக் கொடுத்த வைத்தியரோ கூட அங்கு வைத்துச் சோதித்தறிய இயலாது. அச்சோதனையை மக்களுக்காகச் செய்யும் பொறுப்பை ஏற்படுத்தியதே 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமாகும்.

இச்சட்டம் எளிதில் வந்துவிடவில்லை. தரமான மருந்து நியாயமான விலையில் ஏழைக்கும் கிடைக்க வேண்டும் என்று வாதாடிய பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அவர் 1977 இல் கயானாவில் காலமானார். அவரது சிந்தனையைத் தழுவிய தேசிய மருந்துக் கொள்கை 2005 இல் தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது சட்டமாவதற்கு மேலும் பத்தாண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் எத்தனை சுகாதார அமைச்சர்கள் வாக்குறுதி அளித்தார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை.

சட்டத்தின் அடிப்படை தெளிவானது. தரம், பாதுகாப்பு, செயற்றிறன் ஆகியவை மதிப்பிடப்பட்டுப் பதிவு செய்யப்பட்ட மருந்தே நாட்டினுள் வர வேண்டும். விலையைக் கட்டுப்படுத்தவும் வழி பிறந்தது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டதை நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் மருந்து வாங்குவோர் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் அதே சட்டத்தின் 109 ஆம் பிரிவு, உயிர் காத்தல், தொற்றுநோய், தேசிய அவசரநிலை போன்ற விசேட சந்தர்ப்பங்களில், பதிவு செய்யப்படாத மருந்தை மட்டுப்படுத்தப்பட்ட அளவில் தருவிக்க அனுமதிக்கின்றது. இவ்வேற்பாடு தவறானதல்ல. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி, வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டபோது வேறு மார்க்கம் இருக்கவில்லை. எனினும் விதிவிலக்கு வழமையாகும்போது, பதிவு என்ற காவல் தளர்ந்துபோகின்றது. 2023 இல் வெளிவந்த இம்யூனோகுளோபுலின் விவகாரம் காவல் தளர்ந்தால் என்ன நேரும் என்பதை நாட்டுக்குக் காட்டியது. போலி ஆவணங்களின் துணையுடன் தரமற்ற மருந்து அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, அக்காலத்தில் சுகாதார அமைச்சராகவிருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். அந்த மருந்து வார்ட்டுக்குள் எவ்வாறு சென்றது என்ற வினாவோ நீதிமன்றத்துடன் முடிந்துவிடுவதன்று.

109 ஆம் பிரிவை நீக்குமாறு நாம் கோரவில்லை. அதன் கீழ் வழங்கப்படும் ஒவ்வோர் அனுமதியும், மருந்தின் பெயர், அளவு, வழங்குநர், காரணம் ஆகிய விபரங்களுடன் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். அவ்வாறு வரும் ஒவ்வொரு தொகுதியின் மாதிரியும் வார்ட்டை அடையுமுன் ஆய்வுகூடத்திற் பரிசோதிக்கப்படுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். பாவனையிலிருந்து ஒரு மருந்து மீளப்பெறப்படும்போது, அவ்வறிவித்தல் கொழும்பிலுள்ள அலுவலகக் கோப்பில் தங்கிவிடாது, மூதூரிலும் முல்லைத்தீவிலும் உள்ள மருந்தகத்தின் சுவரில், அங்குள்ளோர் வாசிக்கக்கூடிய தமிழில், அன்றே ஒட்டப்பட வேண்டும். இதற்குப் புதிய அதிகாரசபையோ புதிய கட்டடமோ தேவையில்லை. பாராளுமன்றத்தில் ஒரு திருத்தச் சட்டமூலம் போதுமானது.