எழுதும் உரிமை

1977ஆம் ஆண்டளவில், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, ரைம்ஷெயார் என்னும் நிறுவனத்தின் கட்டணக் கணக்கு அழிந்துபோயிற்று. அதனை அழித்தவன் கள்வனுமல்லன், பகைவனுமல்லன். நிறுவனத்தின் நம்பிக்கையைப் பெற்றிருந்த ஒரு நிரலே அதன்மேல் எழுதி அழித்துவிட்டது.

பெரிய கணினி ஒன்றின் நேரத்தைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டு விற்பது அந்நிறுவனத்தின் தொழில். போர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டவற்றைக் கணினிக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றும் தொகுப்பி நிரலொன்று அங்கே இருந்தது. அம்மொழியின் எக்கூறுகள் எவ்வளவு பயன்படுகின்றன என்ற புள்ளிவிவரத்தை அது ஒரு கோப்பில் குறித்துவைத்தல் வேண்டும். அதன்பொருட்டு, தான் இருந்த கோப்பகம் முழுவதிலும் எழுதும் உரிமை அதற்கு வழங்கப்பட்டிருந்தது. கட்டணக் கணக்கும் அதே கோப்பகத்தில் இருந்ததுதான் வினையாயிற்று. பிழை காண உதவும் குறிப்புக்களை எழுதுவதற்கென வாடிக்கையாளர் ஒரு கோப்பின் பெயரைத் தொகுப்பியிடம் கொடுக்கலாம். ஒருவர் கணக்குக் கோப்பின் பெயரையே கொடுத்தார். தொகுப்பி அப்பெயரை அப்படியே இயக்குதளத்திடம் சமர்ப்பித்தது. இயக்குதளமோ, கேட்பது தொகுப்பி, அதற்கு அங்கே எழுதும் உரிமை உண்டு என்று கண்டு கதவைத் திறந்துவிட்டது. வாடிக்கையாளர் தாமே சென்று கேட்டிருப்பின் அக்கதவு திறந்திராது.

இந்நிகழ்ச்சியை நோர்மன் ஹார்டி என்னும் பொறியியலாளர் 1988இல் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார். முக்கியமல்லாத சில விவரங்களை மாற்றியிருப்பதாகவும் அதிலே குறித்தார். ‘குழம்பிய பிரதிநிதி’ என்ற பொருளில் அவர் இட்ட பெயர் கணினிப் பாதுகாப்புத் துறையில் நிலைத்துவிட்டது. இருவருக்காக வேலை செய்யும் பணியாள் ஒருவன், தன் கையிலுள்ள உரிமையை எவர் தந்தார், எதற்காகத் தந்தார் என்பதை அறியாது அதனைப் பயன்படுத்துவதே அக்குழப்பம்.

அக்காலத்துப் பெரும்பாலான இயக்குதளங்கள் உரிமையை ஆளுக்கே அளந்தன. பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உரிமையாளர், அவர் குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையினரும் ஒரு கோப்பைப் படிக்கலாமா, அதிலே எழுதலாமா, அதனை இயக்கலாமா என்று ஒன்பது குறிகளால் வரையறுக்கும் முறை அதிலே நிலைபெற்றது. சிக்கனமான, அழகான முறைதான். ஆயின், ஒருவர் இயக்கும் நிரல் அவருடைய உரிமைகள் அனைத்தையும் அணிந்துகொண்டே ஓடுகிறது. சதுரங்கம் ஆடும் நிரலும் அவர் எழுதிய கடிதங்களின்மேல் எழுதலாம், தடுப்பார் இல்லை. ஒவ்வொரு நிரலும் தன் வேலைக்கு வேண்டிய அளவு உரிமையுடன் மட்டுமே இயங்குதல் வேண்டும் என்று ஜெறோம் சால்ற்சர், மைக்கல் சுறோடர் என்னும் இருவர் 1975இலேயே எழுதியிருந்தனர். கொள்கையைப் பலரும் போற்றினர், கைக்கொண்டவர் சிலரே.

இவ்வகையில் ஜாவாஸ்கிரிப்ட் மொழி ஒரு விந்தை. 1995இல் நெற்ஸ்கேப் நிறுவனத்துக்காகப் பிரெண்டன் ஐக் பத்து நாள்களில் உருவாக்கிய அம்மொழியிலே, கோப்பைத் திறக்கும் சொல் ஒன்றேனும் இல்லை. முன்பின் அறியாதவர் எழுதிய நிரல், இணையப் பக்கத்தோடு வந்து வாசகரின் கணினியில் ஓடுவதாதலின், அதற்குக் கை கொடுக்கப்படவில்லை. உலாவி எதற்கு இடமளித்ததோ அதையே அது செய்தது.

2009இல் றயன் டால் அம்மொழியை உலாவியினின்றும் பிரித்தெடுத்து, நோட் என்னும் இயக்கச்சூழலில் அமர்த்தினார். இயக்கச்சூழல் என்பது மொழிக்கும் கணினிக்கும் நடுவே நின்று, நிரல் கேட்பனவற்றைச் செய்துகொடுக்கும் மென்பொருள். சேவையகங்களில் வேலை செய்யப் புகுந்த மொழி கோப்புக்களைத் தொடாமல் இருத்தல் இயலாது. ஆகவே கையில்லாத மொழிக்கு நோட் கை கொடுத்தது. கொடுத்தபோது, பழைய வழக்கப்படி, இயக்குபவரின் உரிமை முழுவதையும் சேர்த்தே கொடுத்தது. நோட் உலகில் ஒரு நிரலை எவரும் முற்றிலும் தனியே எழுதுவது அருமை. பிறர் எழுதிய சிறு பொதிகளையும், அப்பொதிகள் இரவல் வாங்கிய பொதிகளையும் நூற்றுக்கணக்கில் அடுக்குவதே வழக்கம். அத்தனைக்கும் ஒரே உரிமை.

2018 யூன் மாதம் பேர்லினில் நடைபெற்ற மாநாட்டிலே, நோட்டை அமைத்ததில் தாம் வருந்தும் பத்து விடயங்களை டால் எடுத்துரைத்தார். அவற்றுள் பாதுகாப்பும் ஒன்று. நிரலின் நடைப்பிழைகளைச் சுட்டும் ஒரு சிறு கருவிக்குக் கணினி முழுவதையும் வலையமைப்பையும் திறந்துவிடலாகாது என்பது அவர் தந்த உதாரணம். அம்மேடையிலேயே டீனோ என்னும் புதிய இயக்கச்சூழலையும் அறிமுகம் செய்தார். நோட் என்பதன் ஆங்கில எழுத்துக்களை இடம் மாற்றினால் டீனோ வரும். தம் பழைய படைப்பைக் கலைத்து அடுக்க முனைந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அதன் முதலாம் பதிப்பு 2020 மே மாதம் வெளியாயிற்று.

டீனோவில் நிரலுக்கு எழுதும் உரிமை இயல்பாக இல்லை. நிரலைத் தொடக்குபவர் ‘அலவ்-றைற்’, அதாவது எழுத அனுமதி, என்னும் சொல்லைக் கட்டளையிலே சேர்த்தல் வேண்டும். அச்சொல்லை மட்டும் எழுதினால் எங்கும் எழுதலாம். ஒரு கோப்பகத்தின் பெயரையும் உடன் எழுதினால் அதனுள் மட்டும். கோப்பின் பெயராயின் அக்கோப்பில் மட்டும். நிரலின் வேண்டுகோள் ஒவ்வொன்றும் றஸ்ற் மொழியில் அமைந்த உட்பகுதியைத் தாண்டியே கணினியைச் சேரவேண்டியிருப்பதால், அங்கே சோதனை நிகழ்கிறது. 2023 ஓகஸ்ட் மாதம் மறுப்புச் சொல்லும் சேர்ந்தது. கோப்பகத்தை அனுமதித்து, அதனுள் ஒரு கோப்பை மட்டும் விலக்கலாம். அனுமதியும் மறுப்பும் மோதுமிடத்து மறுப்பே வெல்லும். ரைம்ஷெயாரின் கணக்கைக் காப்பதற்கு இவ்வளவே போதியதாயிருந்திருக்கும்.

இக்காவல் வீண் அச்சத்தால் எழுந்ததன்று என்பதை 2022 மார்ச் மாதம் காட்டிற்று. நோட்-ஐபிசி என்னும் பொதியை நடத்தியவர், உக்ரேன்மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் நோக்குடன், ரஷ்யாவிலோ பெலருசிலோ இருப்பதாகத் தோன்றும் கணினிகளின் கோப்புக்கள்மேல் இதயக் குறியை எழுதி அழிக்கும் வரிகளை அதிலே சேர்த்தார். வேறொரு பதிப்பு எதனையும் அழிக்காது, அமைதிச் செய்தி தாங்கிய கோப்பொன்றை மட்டும் எழுதியது; அது பிற பொதிகளின் வழியாக, கேளாதவரிடத்தும் சென்றது. கண்டனம் நியாயமானதா என்பது வேறு விடயம். எழுத அனுமதி கொடுத்தவர் எவர் என்பதே இங்கு எழும் வினா.

நோட்டும் 2023 ஏப்ரலில் தன் 20ஆம் பதிப்பிலே அனுமதி முறையொன்றைச் சோதனையாக ஏற்றது. 2024 இறுதியில் அது நிலைபெற்ற அம்சமாயிற்று. ஆயினும் கேட்டால்தான் அது விழித்தெழும். அதன் விளக்க ஏடு அதனை வாகனத்தின் ஆசனப் பட்டிக்கு ஒப்பிடுகிறது. நம்பத்தக்க நிரல் தவறுதலாகச் செய்வதை அது தடுக்கும். வஞ்சக நிரலுக்கு எதிராக உறுதி தராது.

டீனோவும் குறையற்றதன்று. கொடுத்த உரிமை நிரல் முழுவதற்கும் பொதுவாகிறது. உள்ளேயுள்ள எந்தப் பொதி அதனைப் பயன்படுத்துகிறது என்று அது பார்ப்பதில்லை. வேறு நிரல்களை இயக்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால், அவை வேலிக்கு வெளியே ஓடும். எல்லா அனுமதிகளையும் ஓர் எழுத்தாலே கொடுக்கும் குறுக்குவழியும் உண்டு. அவசரத்திலே கை அதனையே நாடும். ஹார்டி விரும்பியது இத்தகைய பெயர்ப்பட்டியலன்று. கோப்பின் பெயரையும் அதன் திறப்பையும் பிரிக்காது ஒன்றாகக் கையளித்தல் வேண்டும், பெயர் சொல்பவரிடம் திறப்பு இல்லையாயின் பிரதிநிதியாலும் அக்கோப்பைத் தொட முடியாதிருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ரைம்ஷெயாரிலேயே தொடங்கிப் பின்னர் கீகோஸ் என்று பெயர் பெற்ற இயக்குதளத்தை அவர் அவ்வாறே அமைத்தார்.