‘சப்போர்ட்’: ஐந்து வரிக்கு ஓர் உரை

“மருந்து சப்போர்ட்டில்தான் இருக்கிறார்” என்று ஐ.சி.யூ. வாசலில் சொல்கிறார்கள். உள்ளே கட்டிலருகே உள்ள தாளில் இருப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும். விளக்குவதற்காக நானே எழுதிய மாதிரி இது. எந்த நோயாளியுடையதும் அல்ல.

1. மிட்ரல் கசிவு, வால்வு மாற்று. பம்பிலிருந்து வந்து 2 மணி நேரம்.
2. மில்ரினோன் 0.375.
3. நார்அட்ரினலின் 0.05.
4. சராசரி அழுத்தம் 65-க்கு மேல். சிறுநீர், லாக்டேட் பார்க்கவும்.
5. தாங்கினால் காலையில் குறைக்கவும்.

‘பம்பிலிருந்து வந்து 2 மணி நேரம்’: பம்ப் என்பது இதய-நுரையீரல் இயந்திரம், 1953-ல் ஜான் கிப்பன் மனிதரிடம் முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்தியது. வால்வைத் தைக்கும்வரை பொட்டாசியம் மிகுந்த கரைசலால் இதயத்தை நிறுத்திவைப்பார்கள். மறுபடி துடித்தாலும் தசை மரத்துப்போயிருக்கும். தொய்வு பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு நாளுக்குள் தேறும். ஆக, இரண்டாம் மணியில் இறக்கம் இன்னும் முடியவில்லை.

‘கசிவு’: இந்தச் சொல்லை வேகமாகக் கடந்துவிடக் கூடாது. ஒழுகிய வால்வு ஒரு சலுகையும் தந்திருந்தது. இடது கீழறை தன் ரத்தத்தில் ஒரு பங்கை அழுத்தம் குறைந்த மேலறைக்குள் சுலபமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. புது வால்வு அந்தக் கொல்லைக் கதவை அடைத்துவிட்டது. இனி முழு ரத்தமும் பெருந்தமனியின் அழுத்தத்தை எதிர்த்தே வெளியேற வேண்டும். வால்வு சரியானதாலேயே தசையின் பலவீனம் வெளிப்படுகிறது.

‘மில்ரினோன் 0.375’: ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு, இத்தனை மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 1.35 மில்லிகிராம், சிரிஞ்சு பம்ப் சொட்டுப் பிசகாமல் செலுத்தும். ஒரு நொதியைத் தடுத்து இதயச் சுருக்கத்தை இது வலுவாக்குகிறது. நுரையீரல் ரத்தக் குழாய்களையும் தளர்த்துவதால், நாட்பட்ட மிட்ரல் நோயில் திணறும் வலது கீழறைக்கும் பாரம் குறையும். டொபுடமினை நிறுத்தினால் சில நிமிடங்களில் அதன் வேகம் அடங்கும். மில்ரினோன் அப்படி அல்ல. பாதி வெளியேறவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சிறுநீரகம் தளர்ந்தால் உடலில் தேங்கும்.

இதே வரி எல்லா வால்வுக்கும் பொருந்தாது. அயோர்ட்டிக் வால்வு குறுகியதால் சுவர் தடித்த இதயத்தை வால்வு மாற்றியபின் இப்படி முடுக்கினால், கீழறை தன் வெளிவாசலைத் தானே நெரித்துக்கொள்ளக்கூடும்.

‘நார்அட்ரினலின் 0.05’: இரண்டாம் வரிக்குக் கொடுக்கும் விலை. மில்ரினோன் உடலெங்கும் குழாய்களைத் தளர்த்துவதால் ரத்த அழுத்தம் சரியும். நார்அட்ரினலின் அவற்றை இறுக்கிப் பிடிக்கும்.

‘சிறுநீர், லாக்டேட்’: குழாயை இறுக்கியே அழுத்த எண்ணை ஏற்றிவிட முடியும். ரத்தம் உறுப்புகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை இந்த இரண்டும் சொல்லும்.

‘தாங்கினால் குறைக்கவும்’: தாளில் முக்கியமான வரி இதுதான். களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்தினால் ஓடும், களைப்பு போகாது. இம்மருந்துகள் இதயத்தின் ஆக்சிஜன் தேவையைக் கூட்டும், துடிப்பைத் தடம் புரளச் செய்யும். இவற்றைப் போலத் தசைக்குள் கால்சியத்தைக் கூட்டாமலே சுருக்கத்தை வலுவாக்கும் லெவோசிமெண்டன்மீது பெரிய நம்பிக்கை இருந்தது. இதய அறுவைக்குப் பின் தொய்ந்த 506 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ‘சீட்டா’ ஆய்வில், 30 நாள் இறப்பு அம்மருந்து பெற்றவர்களிடமும் பெறாதவர்களிடமும் ஏறக்குறைய 13 சதவீதம்தான்.

‘சப்போர்ட்’ என்பதற்கு நம் சொல் ‘தாங்குதல்’. முந்தைய வரிகளில் தாங்குவது மருந்து. ஐந்தாம் வரியில் தாங்க வேண்டியது இதயம். வாசலில் நிற்பவர் கேட்க வேண்டிய கேள்வியும் அந்த வரியில்தான் இருக்கிறது: “நேற்றைவிடக் குறைத்திருக்கிறீர்களா, டாக்டர்?”