எக்கோ கேட்கிற நுரையீரல்: இரைச்சல்னு ஒதுக்கினதுல இருந்த பதில்

ஸ்கேன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது ஒரு கர்ப்பிணியின் வயிறு, கொஞ்சம் ஜெல், திரையில அசையுற குட்டிக் கை கால். இன்னைக்குப் பேசப்போறதும் அதே அல்ட்ராசவுண்ட் பத்திதான். ஆனா வயித்துல வைக்கிறது இல்ல, நெஞ்சுல வைக்கிறது.

முதல்ல பிரச்சினையைப் பார்த்துடலாம். ராத்திரி ரெண்டு மணி. மூச்சு முட்டுற ஒருத்தரை அவசரப் பிரிவுக்குக் கொண்டு வர்றாங்க. அவரால ஒரு வாக்கியம்கூட முழுசா பேச முடியல. இதயம் பலவீனமாகி நுரையீரல்ல நீர் கோத்திருக்கலாம். நிமோனியாவா இருக்கலாம். ஆஸ்துமாவா இருக்கலாம். நுரையீரலைச் சுத்திக் காத்து கசிஞ்சு, நுரையீரலே சுருங்கிப் போயிருக்கலாம். வெளியில இருந்து பார்த்தா எல்லாமே கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா வைத்தியம் ஒண்ணு இல்ல. நீர் கோத்தவருக்கு அந்த நீரைச் சிறுநீரா வெளியேத்துற மருந்து வேணும். கிருமித் தொற்றால ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு சலைன் ஏத்தணும். மாத்திக் கொடுத்தா நிலைமை இன்னும் மோசமாகும்.

இதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் கையில இருந்தது ஸ்டெதஸ்கோப். 1816-ல் பாரிஸ்ல ரெனே லென்னெக் உருவாக்கின கருவி. ஆனா இதயக் கோளாறால நீர் கோத்தவருக்கும் சில நேரம் ஆஸ்துமா மாதிரியே விசில் சத்தம் கேட்கும். காது மட்டும் போதல.

இப்போ 1953-க்குப் போவோம். ஸ்வீடன்ல லுண்ட் பல்கலைக்கழகம். இங்கே எட்லர்ங்கிற இதய டாக்டருக்கு ஒரு கவலை. மைட்ரல் வால்வு அறுவை சிகிச்சை அப்போதான் வர ஆரம்பிச்சிருக்கு. யாருக்கு அறுவை பலன் தரும்னு முன்கூட்டியே தெரிய நல்ல வழி இல்ல. அவர் ஹெல்முத் ஹெர்ட்ஸ்ங்கிற இயற்பியலாளரைச் சந்திக்கிறார். உலோகத்துக்குள்ள விரிசல் இருக்கான்னு ஒலி அலையை அனுப்பிப் பார்க்குற கருவி அப்போ தொழிற்சாலைகள்ல இருந்துச்சு. சீமென்ஸ் நிறுவனத்துக்கிட்ட இருந்து அப்படி ஒண்ணை இரவல் வாங்குறாங்க. 1953 அக்டோபர் 29-ல், துடிக்கிற இதயத்தோட எதிரொலி முதல் முறையா பதிவாகுது. இன்னைக்கு நாம சாதாரணமா 'எக்கோ எடுத்தாச்சா?'ன்னு கேட்குறோமே, அதோட ஆரம்பம் இதுதான். 1977-ல் ரெண்டு பேருக்கும் லாஸ்கர் விருது கிடைச்சுது.

சரி, இதயத்தைப் பார்த்தாச்சு. அதை ஒட்டியே இருக்கிற நுரையீரலை ஏன் பார்க்கல? காரணம், காத்து. அல்ட்ராசவுண்ட் அலை நீர்லயும் தசையிலயும் நல்லா போகும், காத்தைத் தொட்டா ஏறக்குறைய மொத்தமும் திரும்பிடும். நுரையீரல் முழுக்கக் காத்துதானே? அதனால அங்கே வைக்கிறது வீண்னு பாடப்புத்தகங்களே சொல்லிட்டு இருந்துச்சு. திரையில வர்ற கோடுகள் வெறும் இரைச்சல்னு ஒதுக்கிட்டாங்க.

இதுல சுவாரசியம் என்னன்னா, மனுஷ டாக்டர்களுக்கு முன்னாடியே ஒரு கால்நடை டாக்டர் அந்த இரைச்சலைக் கவனிச்சுட்டார். 1986-ல் ரான்டனென்ங்கிறவர், குதிரைகளுக்கு நெஞ்சுக்குள்ள காத்து கசிஞ்சிருந்தா அதை அல்ட்ராசவுண்ட்ல கண்டுபிடிக்கலாம்னு எழுதினார்.

பாரிஸை ஒட்டின பூலோன்-பியான்கூர்ல, ஆம்புருவாஸ் பாரே மருத்துவமனையோட தீவிர சிகிச்சைப் பிரிவுல இருந்தவர் டேனியல் லிச்சென்ஸ்டைன். லென்னெக்கோட அதே ஊர்ப் பக்கம்! நோயாளியோட படுக்கைக்கே மெஷினைக் கொண்டு போய், நெஞ்சுல வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: இது இரைச்சல்னா, எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி இருக்கணுமே? ஏன் மாறுது?

அவர் பிரிச்சுக் காட்டினது இதுதான். நுரையீரலைச் சுத்தி ரெண்டு மெல்லிய சவ்வு இருக்கு. மூச்சு விடும்போது ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். அந்த வழுக்கல் தெரிஞ்சா அந்த இடத்துல காத்துக் கசிவு இல்லன்னு சொல்லிடலாம். அசைவைப் பதிவு பண்ற முறையில இது கடற்கரை மாதிரி தெரியும்: மேலே அலைக்கோடுகள், கீழே மணல். வழுக்கல் இல்லன்னா மணல் காணாமப் போயிடும், கடைசி வரைக்கும் கோடுகள்தான். அடுத்து, காத்து நிறைஞ்ச நுரையீரல்ல படுக்கைக் கோடுகள் வரும். நுரையீரல்ல நீர் ஏறினா வால் நட்சத்திரம் மாதிரி மேலிருந்து கீழே நீளக் கோடுகள் இறங்கும். அதுக்கு பி-கோடுகள்னு பேர். 1997-ல் இதை அவர் கட்டுரையா வெளியிட்டார். 2008-ல் மூச்சுத்திணறலோட வந்த 260 பேரை வெச்சு 'புளூ' வழிமுறையை முன்வெச்சார். சில நிமிஷ ஸ்கேன்லயே சுமார் 90 சதவீதம் பேருக்குச் சரியான காரணம் கிடைச்சுது. பி-கோடு வந்தாலே இதயம்தான் காரணம்னு முடிவு கட்டிட முடியாது. நிமோனியாவுலயும் தழும்பேறின நுரையீரல்லயும் அது வரும். அதனாலதான் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்தே பார்க்குறாங்க.

இதே காலத்துல மெஷினும் சுருங்கிட்டு வந்துச்சு. போர்க்களத்துக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணு வேணும்னு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையோட ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா 1996-ல் பணம் கொடுத்துச்சு. அந்த முயற்சியில இருந்து வந்ததுதான் 1999-ல் வெளியான சோனோசைட் 180. எடை சுமார் இரண்டரை கிலோ. அதுக்கு முன்னாடி இருந்ததுல பெரும்பாலானது உருட்டிட்டுப் போற அலமாரிங்க.

அப்புறம் அது எங்கெல்லாம் போச்சுன்னு பாருங்க. நேபாளத்துல எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போற வழியில பெரிச்சேன்னு ஒரு ஊர், 4,240 மீட்டர் உயரம். மலையேறுறவங்களுக்கு அந்த உயரத்துல நுரையீரல்ல நீர் கோக்கும். அங்க இருக்கிற சிறிய மருத்துவ நிலையத்துல 11 நோயாளிகளை ஸ்கேன் பண்ணினாங்க. பி-கோடுகள் நிறைய இருந்துச்சு. ஆக்ஸிஜன் அளவு தேறத் தேற அந்தக் கோடுகளும் குறைஞ்சுது. 2007-ல் இது வெளியாச்சு. எக்ஸ்-ரே மெஷினே இல்லாத சர்வதேச விண்வெளி நிலையத்துல, டாக்டர் இல்லாத வீரர்களே பூமியில இருக்கிற டாக்டர்கள் சொல்லச் சொல்ல ஸ்கேன் பண்ணிக் காட்டினாங்க. 2020-ல் கோவிட் வந்தப்போ, நோயாளியை சி.டி. அறைக்கு நகர்த்தவே பயந்த நேரத்துல, பிளாஸ்டிக் உறை போட்ட சின்னக் கருவி படுக்கைக்கே போச்சு.

அப்போ நம்ம ஊர்ல ஏன் எல்லா ஆம்புலன்ஸ்லயும் இது இல்ல? விலையும் பயிற்சியும் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம்மளே உண்டாக்கினது. நாம ஆரம்பத்துல சொன்ன அந்தக் கர்ப்பிணி ஸ்கேன்தான். இதே கருவியை வெச்சுப் பெண் சிசுன்னு தெரிஞ்சு கலைச்ச வரலாறு நமக்கு இருக்கு. 1991 கணக்கெடுப்புல 6 வயசு வரைக்குமான 1,000 ஆண் குழந்தைக்கு 945 பெண் குழந்தைகள். 2001-ல் அது 927. அதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்துச்சு. அல்ட்ராசவுண்ட் மெஷினைப் பதிவு செஞ்ச இடத்துலதான் பயன்படுத்தணும். 2012-ல் கையடக்க மெஷினுக்குத் தனியாவே கட்டுப்பாடு வந்துச்சு: பதிவான மருத்துவமனை வளாகத்துக்குள்ள, இல்லன்னா பதிவான நடமாடும் மருத்துவ வாகனத்துல மட்டும்.

அந்தச் சட்டம் தேவையில்லன்னு சொல்ல முடியாது. அது காப்பாத்த நினைக்கிறது நிஜமான உயிர்களை. அதே நேரம், மலைக் கிராமத்துல மூச்சு முட்டிக் கிடக்கிறவரும் நிஜம்தான். பையில போட்டு எடுத்துட்டுப் போக முடியுறதுதான் இந்தக் கருவியோட பலம். நம்ம நாட்டுல பயமும் அதே இடத்துலதான் இருக்கு. ரெண்டு உயிரையும் ஒரே விதி எப்படிக் காப்பாத்தும்? உங்க பதிலை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.