ஆணியும் கயிறும்

கப்பல் என்றதும் தோட்டத்தில் வளர்ந்த என் மாதிரி ஆட்களுக்கு இரண்டுதான் ஞாபகம் வரும். தாத்தா பாட்டியை ஏற்றி வந்த ரஜுலா. 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு அனுப்பிய கப்பல். நெகிரி செம்பிலானில் தீபாவளி வந்தால் புலிக்கொடியோடு ஒரு கப்பல் படமாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதெல்லாம் ஓவியர் கற்பனை. சோழரின் போர்க்கப்பல் என்று உறுதியாகக் காட்ட நம்மிடம் ஒரு பலகைகூட இல்லை.

நார்வேக்காரர்களிடம் மரமே இருக்கிறது. 1880இல் கோக்ஸ்டாட்டில் ஒரு புதைமேட்டைத் தோண்டியபோது சுமார் 23 மீட்டர் நீளமுள்ள வைக்கிங் கப்பல் கிடைத்தது. ஓக் மரம், 32 துடுப்பு, ஒற்றைச் சதுரப் பாய். வலப்புறம் தொங்கும் பெரிய துடுப்புதான் சுக்கான்.

எஞ்சினியராக என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் கட்டுமானம். முதலில் சட்டம் போட்டு, பிறகு பலகை அடிக்கவில்லை. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, இரும்பு ஆணியால் இறுக்கி உடலைச் செய்தார்கள். விலாச்சட்டம் அதற்குப் பிறகுதான். நீர்மட்டத்துக்குக் கீழே அந்தச் சட்டத்துக்கு ஆணியே கிடையாது. பலகையைச் செதுக்கும்போதே உட்புறம் காது மாதிரி மேடு விட்டு, அதில் சட்டத்தை வைத்துக் கட்டிவிட்டார்கள்.

ஏன் கட்ட வேண்டும்? 1893இல் இதே அமைப்பில் ஒரு கப்பல் செய்து அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். அலையில் அதன் மேல்விளிம்பு ஆறு அங்குலம்வரை முறுக்கிக்கொண்டது என்று மாலுமி எழுதினார். ஆனாலும் ஒழுகவில்லை. விறைத்து நின்றிருந்தால் உடைந்திருக்கும்.

இப்போது நம் பக்கத்து மாநிலத்துக்கு வாருங்கள். 1926இல் பகாங்கின் பொந்தியான் ஆற்றங்கரையில் ஒரு பழைய படகின் மிச்சம் கிடைத்தது. வைக்கிங்குகளுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. அதிலும் அதே துளையிட்ட காதுகள்! ஆனால் பலகைகளை இணைக்க இரும்பே இல்லை. மர முளையும் பனைநாரும்தான். ஒருவரை ஒருவர் பார்த்திராத தச்சர்கள் ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள்.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மதராஸில் துறைமுகம் வருவதற்கு முன்னால், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. விலாச்சட்டமே இல்லாமல், தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை அறைந்தால் நெளிந்துகொடுக்கும். கட்டுமரத்துக்கோ பெயரிலேயே தொழில்நுட்பம் இருக்கிறது.

ராஜேந்திரன் பெயர் நமக்குத் தெரியும். அவன் கப்பலுக்குப் பலகை இழைத்தவன், கயிறு திரித்தவன் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. பால்மரம் சீவியே காலம் தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அரசனைவிட அந்தத் தச்சன்தான் நமக்கு நெருங்கிய சொந்தம். அடுத்த முறை புலிக்கொடிப் படம் வந்தால், அதை யார் எதை வைத்துக் கட்டியிருப்பார்கள் என்றும் கேட்டுப் பார்ப்போமே.