கோபுரமா? ஏடா?



ஓர் அரசின் பெயரை நிலைக்க வைப்பது கட்டிய கோபுரமா, எழுதிய ஏடா? எதிரணி நண்பர் தஞ்சாவூரைக் காட்டிட்டு ஜெயிச்ச மாதிரி உட்கார்ந்துட்டார். பெரிய அரசுக்கு எல்லாமே நிலைக்கும் ஐயா! கையில் ஒண்ணும் இல்லாத சின்ன அரசு என்ன விட்டுட்டுப் போச்சு? அதுதான் கேள்வி.

1311-ல் மாலிக் காபூர் படை மதுரைக்கு வந்தது. அதுக்கப்புறம் பாண்டியருக்கு மதுரை தங்கவில்லை. தெற்கே தள்ளித் தள்ளிக் கடைசியில் தென்காசி வந்து சேர்ந்தாங்க. அங்கே 1422 முதல் 1463 வரை ஆண்டவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். 1446-ல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். அவன் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்தபோது தங்கிய இடம்தான் நம்ம பக்கத்துச் சிவகாசின்னு தலபுராணம் சொல்லுது.

அவன் பட்டத்துக்கு வந்த அதே 1422-ல் இத்தாலியில் பெடரிகோன்னு ஒருத்தன் பிறந்தான். ஊர்பினோங்கிற குட்டி நாட்டை ஆண்டான். அடுத்தவங்க சண்டையைக் கூலிக்குப் போட்டுக் கொடுப்பான். அந்தக் காசை என்ன செய்தான்? அரண்மனை கட்டினான், எழுத்தர்களை வைத்துப் புத்தகம் எழுத வைத்தான். அந்த நூலகம் 1657-ல் வாத்திகனுக்குப் போய், இன்னிக்கும் பத்திரமா இருக்கு.

நம்ம தென்காசியிலும் அப்படி ஒரு அவை இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கும், மதுரை நாயக்கருக்கும் அடங்கிக் கப்பம் கட்டிய அரசு அது. 1564-ல் பட்டத்துக்கு வந்த அதிவீரராம பாண்டியன் நைடதம் பாடினான், காசிக் காண்டம் பாடினான். தமையன் முறையான வரதுங்கராமன் பிரமோத்தர காண்டம் பாடினான். கப்பம் கட்டுற கையாலேயே காப்பியம் எழுதினாங்க ஐயா! (கைதட்டல்)

"அந்த ஏடெல்லாம் எங்கே?" என்று எதிரணி கேட்கலாம். நியாயம். சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியர் வீட்டுச் சுவடிகள் இருக்குன்னு உ.வே.சாமிநாதையர் தேடிப் போனார். பழுதான ஏட்டை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போடணும்னு சாஸ்திரம் சொல்லுதாம். அப்படியே போட்டுட்டோம்னு சொன்னாங்களாம். தீ என்ன செய்யும்னு நம்ம ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அப்ப கோபுரம் ஜெயிச்சதா? அதுவும் இல்லை. தென்காசிக் கோபுரம் சிதைஞ்சு, பல தலைமுறைக்கு மொட்டையா நின்னது. 1990-ல்தான் மறுபடி எழும்பியது. கட்டியவனுக்கே அந்தப் பயம் இருந்திருக்கு. 'பின்னாளில் இந்தக் கோயிலைக் காப்பவர் காலில் விழுகிறேன்' என்ற கருத்தில் கல்வெட்டு வைத்தான். ராஜா காலில் விழுறான் ஐயா!

கல்லும் சிதையும், ஓலையும் எரியும். எரியாதது எது? அதே அதிவீரராமன் பிள்ளைகளுக்காகச் செய்த வெற்றிவேற்கை. பிச்சை எடுத்தாவது படின்னு சொன்னது ஏழை வாத்தியார் இல்லை, பட்டம் கட்டிய ராஜா. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் அதை மனப்பாடம் பண்ணினான். அவன் வாய்தான் அதுக்குச் சுவடி அறை.

இந்தப் பக்கத்திலேயே நின்று இதைச் சொல்றேன். ஒரு காலத்தில் விடியுமுன்னே தீப்பெட்டிக் கம்பெனி பஸ் வரும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஏறும். என்கூட உட்கார்ந்து இந்த நூலை ஒப்பிச்சவன் ஒருநாள் அந்த பஸ்ஸில் ஏறினான். அப்புறம் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை. அவங்க அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்; அடுப்பு எரியணுமே! ஆனா அந்த அம்மாவுக்காகத்தான் நானூறு வருஷத்துக்கு முந்தியே ஒரு ராஜா சொல்லி வைத்தான்: பசியோடயாவது பிள்ளையைப் படிக்க அனுப்புன்னு.

நாடு சுருங்கினவன் அவன். சொல் சுருங்கவில்லை. ஆகவே கோபுரம் அல்ல, ஏடுதான். அதுவும் பிள்ளைகள் நாக்கில் ஏறிய ஏடுதான் அரசின் பெயரை நிலைக்க வைக்கும் என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.