மலர் நிறமும் மனை நந்தவனமும்

வைகறையில் எழுந்து நீராடித் திருநீறணிந்து, மனையைச் சார்ந்த சிறு நந்தவனத்திற் புகுந்து பூக்கொய்யும் அன்பரது குடலையில் வெண்ணிற நந்தியாவட்டமும், செந்நிற அலரியும், பொன்னிற அலரியும், நீலநிறக் காக்கணமும் ஒருங்கே கிடத்தல் இன்றும் காணத்தக்கது. இந்நிறங்கள் ஒவ்வொன்றற்கும் ஒரு பொருள் உண்டு என்பது சைவ மக்களிடையே வழங்கிவரும் கொள்கை. அப்பொருள் தமிழகத்தில் எவ்வழியாக மலரின்மேல் வந்து அமைந்தது என்பது ஆராய்தற்குரியது. இவ்வாராய்ச்சியாற் பெறும் பயன் யாதோ எனின், கடல் கடந்து வந்த செடியின் பூவை இறைவற்குச் சாத்துதல் தகுமோ தகாதோ என்று அன்பர் சிலர்க்கு உண்டாகும் ஐயம் இதனால் நீங்குதற்கு இடமுண்டாம் என்க.

பண்டைத் தமிழர் பூவிற்குப் பொருள் கொண்டனர் என்பதில் ஐயமில்லை. குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் நிலத்திற்கும் ஒழுக்கத்திற்கும் பெயராயின. சேரர்க்குப் போந்தையும், பாண்டியர்க்கு வேம்பும், சோழர்க்கு ஆத்தியும் அடையாளப் பூக்களாயின. போரின் பகுதி ஒவ்வொன்றும் ஒரு பூவாற் குறிக்கப்பட்டது. ஆயின் இங்கெல்லாம் பொருளைத் தாங்கி நின்றது நிறமா என்று வினவின், அன்று என்றே கூறல் வேண்டும். செந்நிறம் குருதியையும் சினத்தையும் குறிப்பது என்று கொள்வோமாயின், இரு வேந்தரும் களங்குறித்து எதிர்நின்று பொரும் பெரும் போர்க்கே செம்மலர் உரியதாதல் வேண்டும். அப்போர்க்கு உரிய பூவோ வெள்ளிய தும்பை. செந்நிற வெட்சி, போரின் தொடக்கமாகிய ஆநிரை கவர்தற்கு உரியதாயிற்று.

நொச்சியின் செய்தி இதனினும் தெளிவுடையது. நொச்சி நீலமணியை ஒத்த சிறுபூவை உடையது. சங்கச் செய்யுட்களில் மனையைச் சார்ந்து நிற்கும் மரமாகப் பயின்று வருவது. தமிழர் மனைத்தோட்டத்தின் பழம்பயிர் எவை எனத் தேடுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவன இந்நொச்சியும், இல்லத்தில் நட்டு வளர்க்கப்பட்ட மௌவற் கொடியுமே. மதிலைக் காத்து உள்ளிருந்து பொரும் வீரர் சூடிய பூவும் இந்த நொச்சியே. மனையருகே நிற்கும் மரம் மனையையும் மதிலையும் காப்போர்க்கு அடையாளமாயிற்று. அதன் நீலம் இங்கு எதனையும் உணர்த்திற்றிலது. அது நின்ற இடமே உணர்த்திற்று.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிக் கூறுகின்றார். அவற்றுட் சில நிறம் பற்றிய அடையோடு வருவனவேனும், செம்மலர் ஒருபால், வெண்மலர் ஒருபால் என்னும் வகுப்பு அங்கே இல்லை. மலையிலும் சுனையிலும் மகளிர் கண்டவாறு கொய்து பாறைமேற் குவித்தவையாகவே அவை நிற்கின்றன.

ஆயினும் ஒரு மறுப்பு இங்கு எழும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. திருமுருகாற்றுப்படையுள் குறமகள் வெறியயர் களத்தில் செந்நூலும், குருதி விரவிய அரிசியும், செவ்வலரியாகிய கணவீர மாலையும் கூறப்படுகின்றன. செவ்வேள் என்பதே முருகன் திருப்பெயர். எனவே அவ்வழிபாட்டில் நிறமே தேர்வுக்குக் காரணமாயிற்று என்பது ஒப்ப முடிந்ததே. கொன்றையும் அத்தகையது. முல்லைநிலத்துத் தலைவிக்குக் கொன்றை மலர்தல் கார்காலம் வந்தமைக்கு அடையாளம். அங்கே அது காலங்காட்டும் பூ. தொகைநூல்கட்குக் கடவுள் வாழ்த்துப் பாடிய பாரதம் பாடிய பெருந்தேவனார்க்கோ அது சிவபிரான் சூடும் தார். அதன் பொன்மையே அங்கு முற்பட்டு நிற்கின்றது. ஒரே பூ அகத்திணையிற் பருவத்தாலும், வழிபாட்டில் நிறத்தாலும் பொருள்பட்டது. இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குங்கால், நிறத்திற்குப் பொருள் முதலில் வந்தது பூவிலிருந்தன்று, தெய்வத் திருமேனியிலிருந்தே என்று துணிதல் தவறாகாது.

திருக்கோயில் வழிபாடு பெருகிய பின்னும் பழைய முறை மறைந்துவிடவில்லை. திருப்புகலூரில் முருக நாயனார் திருநந்தவனத்துட் சென்று மலர்கொய்த திருத்தொண்டை 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் விரித்துரைக்கின்றார். அங்கே பூக்கள் கோட்டுப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ, நிலப்பூ என நால்வகைப்படுகின்றன. இது பூ நிற்கும் இடம் பற்றிய வகுப்பு, நிறம் பற்றியதன்று. அவர் தொடுத்த இண்டை, கண்ணி, கோவை, பிணையல், தொடையல் முதலியனவும் தொடுக்கும் திறத்தால் வேறுபட்டனவே. 7-ஆம் நூற்றாண்டில் அவரோடு கேண்மை பூண்டிருந்த திருஞானசம்பந்தர், திருப்புகலூர் வர்த்தமானீச்சரப் பதிகத்தில் அவர்தம் மலர்த்தொண்டைப் போற்றியுள்ளார் என்பதும் நினைவுகூரற்பாலது. திருவாரூர்ப் பூமண்டபத்தில் விழுந்து கிடந்த பூவை எடுத்து மோந்த கழற்சிங்கர் தேவியார்க்கு நேர்ந்தது யாவரும் அறிந்ததே. அங்கே குற்றமாயிற்று இறைவற்குரிய மணத்தை முந்துற நுகர்ந்தமை. அப்பூ எந்நிறத்தது என்று கேட்பார் இலர்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனம், திருப்பள்ளித்தாமம் என்னும் சொற்கள் பயில வருகின்றன. மனைத்தோட்ட வரலாற்றிற்கு அவற்றினும் மிகப் பயன்படுவது அக்காலச் செப்பேடுகளிற் காணும் ஒரு செய்தி. ஊர்க்கொடை பெற்றார்க்கு அரசன் அளிக்கும் உரிமைகளைத் தொகுத்துக் கூறுமிடத்து, சுட்ட ஓட்டால் மாளிகை எடுத்தலும், கிணறு தோண்டுதலும், தமனகம், மரு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர் என்பன நடுதலும் அவ்வுரிமைகளோடு எண்ணப்படுகின்றன. தம் நிலத்திற் செண்பகம் நடுதற்கும் அரசன் ஒப்பம் வேண்டிற்று என்பது இக்காலத்தார்க்கு வியப்பாகலாம். அங்ஙனம் எண்ணப்பட்டவற்றுள் மருவும் தமனகமும் நறிய தழை. இருவேலி நறிய வேர். செண்பகமும் செங்கழுநீரும் நறிய பூ. அரசர் உரிமையாக வழங்கிய தோட்டத்திற்கு அளவையாக நின்றது நறுமணம் எனலாம்.

இனி, நிறத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்த மரபு யாது எனின், அது தத்துவ மரபே. சுவேதாசுவதர உபநிடதத்துள் செம்மை, வெண்மை, கருமை என்னும் மூன்று நிறமும் உடையதாகக் கூறப்படும் பிறப்பிலி, முக்குண வடிவாகிய பிரகிருதி என்று உரைகொள்ளப்படும். வெண்மை சாத்துவிகம், செம்மை இராசதம், கருமை தாமதம் என்னும் வழக்கு இதனின் வேறன்று. மெய்கண்டார் மாணாக்கராகிய மனவாசகங்கடந்தார் 13-ஆம் நூற்றாண்டில் அருளிய உண்மை விளக்கத்துள், நிலம் பொன்மை, நீர் வெண்மை, தீச் செம்மை, காற்றுக் கருமை, வான் புகைநிறம் என ஐம்பூதங்கட்கு வடிவோடு நிறமும் வகுக்கப்பட்டன. சதாசிவ மூர்த்தியின் ஐந்து திருமுகங்கட்கும் நிறங் கூறுவது பூசை மரபு: ஈசானம் படிகம், தற்புருடம் பொன்மை, அகோரம் கருமை, வாமதேவம் செம்மை, சத்தியோசாதம் வெண்மை. பொன்மை, வெண்மை, செம்மை, கருமை என்னும் நான்கும் இவ்விரு வரிசையிலும் ஒத்து வருதல் காண்க. மனை நந்தவனத்துப் பூக்களும் பெரும்பாலும் இந்நான்கனுள் அடங்கும். நீலம் கருமையுள் வைத்து எண்ணப்படுதல் தமிழ் வழக்கே. புகைநிறப் பூ இல்லாமையின் அவ்விடத்தைப் பூசையில் இடும் நறும்புகையே நிரப்புகின்றது என்று கூறுதல் செவிக்கு இனிதாயிருக்கலாம். நூலிற் சொல்லாததனை விதி ஆக்குதல் தகாதாகலின் அதனை விடுக்க.

இங்ஙனம் தத்துவத்தின்கண் விளங்கிய நிறக்கொள்கை மலரின்மேற் படிந்தபோது ஒரு முரண் தோன்றிற்று. கருமை தாமதம் எனின், கருமலர் தள்ளுண்ணல் வேண்டுமன்றோ? பூசைநூல்கள் சிறப்பாக எடுத்தோதும் எண்மலர் புன்னை, வெள்ளெருக்கு, செண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்பன. அவற்றுள் நீலோற்பலம் இடம்பெற்று நிற்கின்றது. புன்னை, எருக்கு, நந்தியாவட்டம் மூன்றும் வெண்மை; செண்பகம் பொன்மை; தாமரை செம்மை; அலரி செம்மையும் வெண்மையும் உடையது; பாதிரியின் நிறத்தை ஒரு சொல்லால் அடக்குதல் அரிது. வெண்மை மிக்கிருப்பினும் ஏனை நிறங்கள் விலக்குண்ணவில்லை. குணநோக்கிற் கருமை கீழ்ப்படினும், திருமுக நோக்கில் அகோரத்திற்கு உரிய நிறம் கீழ்ப்படுமாறு யாங்ஙனம்? எனவே நிறத்தால் உயர்வு தாழ்வு வகுத்து, வெண்பூச் சாத்துவார் மேலோர், ஏனையோர் அவர்க்குக் கீழோர் என்று பேசுவார் கூற்று இவ்வெண்மலர் முறையோடு பொருந்துவதன்று.

நிறம் ஒன்றே போதும் என்பதும் பொருந்தாது. தாழம்பூ மணத்திற் குறைந்ததன்று, நிறத்தினும் குற்றமுடையதன்று. பிரமனுக்குப் பொய்ச்சான்று கூறியமையாற் சிவபூசைக்கு விலக்குண்டது. தும்பை சிவபிரானுக்கு உகந்தது, பிரமனுக்கு ஆகாது. நந்தியாவட்டம் எண்மலருள் ஒன்று, வைரவர்க்கு ஆகாது. இவ்விதிகளைத் தொகுத்த நூல்கள், உதிர்ந்த பூ, பழம்பூ, புழுக்கடித்த பூ, மோந்த பூ, இரவிற் கொய்த பூ ஆகியவற்றை நிறம் நோக்காது ஒருங்கே விலக்குகின்றன. நிறம் அளவைகளுள் ஒன்று, முதலளவை அன்று.

ஆயின் நிறக்கொள்கையாற் பயன் இல்லையோ எனின், உண்டு; அதுவே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. பழைய திணைமரபில் ஒரு பூவிற்குப் பொருள் அதன் நிலத்தாலும் இனத்தாலும் வந்தமையின், வேற்றுநாட்டுப் பூ வருமாயின் அதற்கு அங்கே இடம் இல்லை. நிறமோ எல்லா நாட்டுப் பூவிற்கும் பொது. புதுவதாக வந்த செடியைத் தமிழர் இல்லத்து நந்தவனத்துள் ஏற்றுக்கொள்ளுதற்கு வாயில் திறந்தது நிறமே.

இதற்குப் பழைய சான்று திருச்சிராப்பள்ளியிற் கிடைக்கின்றது. அங்கே இறைவற்குச் செவ்வந்தியாலும் பெயர் வழங்கும். எல்லப்ப நாவலர் பாடிய தலபுராணமும் செவ்வந்திப் புராணம் எனவே பெயர் பெற்றது. சாரமா முனிவர் நாகலோகத்தினின்றும் செவ்வந்தியைக் கொணர்ந்து நந்தவனம் வைத்தார் என்பதும், அப்பூக்களை ஒரு வணிகன் களவிற் கொய்து உறையூர் அரசற்கு அளித்தான் என்பதும், முனிவர் இறைவன்பால் முறையிட மண்மாரி பெய்து உறையூர் அழிந்தது என்பதும் தலவரலாறு. மாலைக்கு இக்காலத்துப் பயிரிடும் செவ்வந்தியின் முன்னோர் சீன நாட்டைச் சார்ந்தவை என்பது செடிநூலார் முடிபு. நாகலோகம் யாது என்னும் ஆராய்ச்சி ஈண்டைக்கு வேண்டா. அப்பூ வேற்றிடத்தினின்றும் வந்ததென்னும் நினைவைத் தலவரலாறு மறையாது காத்து வைத்திருத்தலே நோக்கற்பாலது. வந்த பூவை இறைவன் ஏற்றான். அதனைக் களவு செய்தவனையே ஒறுத்தான்.

1492-இற் கொலம்பசு அமெரிக்காவை அடைந்த பின்னர், அக்கண்டத்துச் செடிகள் பல இந்நாட்டிற் புகுந்தன. துலுக்கச் செவ்வந்தியின் தாயகம் மெக்சிகோ நாடு. அயலிலிருந்து வந்தமையை அதன் பெயரே தாங்கியிருத்தல் காண்க. ஈழத்தலரியும் அமெரிக்கக் கண்டத்ததே; இன்று திருக்கோயிற் பிராகாரங்களில் அது நெடுங்கால மரம்போல் நிற்கின்றது. காகிதப்பூ பிரேசிலிலிருந்து வந்து வேலியை அழகு செய்ததேயன்றிப் பூக்குடலையுட் பெரும்பாலும் புகுந்திலது. அதன் நிறம் கண்ணைப் பறிப்பது, ஆயினும் அந்நிறம் பூவைச் சூழ்ந்த இலையின் நிறமேயன்றிப் பூவினது அன்று, மணமும் இல்லை. கனகாம்பரம் இந்நாட்டிற்கே உரியது. மணமின்மையால் தனித்து நில்லாது, மருக்கொழுந்தோடு கதம்பத்திற் கூடி இடம்பெற்றது.

இவை யாவற்றினும் சிறந்த எடுத்துக்காட்டுப் பொன்னலரி. அதுவும் அமெரிக்க நாட்டிலிருந்து வந்ததே. அலரியினத்தோடு ஒத்த இலையும், கொன்றையை ஒத்த பொன்னிறமும், மெல்லிய மணமும் உடைமையால் அது சிவபூசைக்கு உரிய பூவாக இல்லந்தோறும் அமைந்தது. நஞ்சுடைய செடி என்று அதனை வெறுப்பார்க்கு, எருக்கும் ஊமத்தையும் நாட்டலரியும் நஞ்சுடையனவே என்பதும், நஞ்சுண்ட பெருமானுக்கு அவை உகந்தனவாகவே போற்றப்படுகின்றன என்பதும் விடையாம். சரக்கொன்றை வேனிலில் மரம் முழுதும் பொன்னாய்த் தொங்கிச் சின்னாளிற் காய்த்துவிடும். பெருமரமாகலின் சிறுமனையில் வளர்த்தற்கும் எளிதன்று. பொன்னலரி கிணற்றடியிற் கவலைநீர் கொண்டே வளர்ந்து, ஆண்டு முழுதும் நாள்தோறும் மலரும். கொன்றை பூவாத மாதங்களில் இல்லத்துச் சிவலிங்கத் திருமேனிக்குப் பொன்னிற மலர் தந்து வருவது அச்செடியே.