மெசியர் 77

மெசியர் 77 (என்ஜிசி 1068) திமிங்கில விண்மீன் குழுவில், ஏறத்தாழ 4.7 கோடி ஒளியாண்டுத் தொலைவில் அமைந்த சுருள் விண்மீன் பேரடை. பொங்கி ஒளிரும் மையக்கரு கொண்ட செய்ஃபர்ட் பேரடைகளுக்கு மூல மாதிரி இதுவே.

பிரெஞ்சு வானியலாளர் பியர் மெச்செய்ன் 1780 அக்டோபர் 29 அன்று இதைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பரில் சார்லஸ் மெசியர் தம் பட்டியலில் 77ஆம் எண்ணில் சேர்த்தபோது, ஒண்முகில் சூழ்ந்த விண்மீன் கொத்து எனப் பிழையாகக் குறித்தார். வில்லியம் ஹெர்ஷலும் அவ்வாறே கருதினார். அயர்லாந்தின் ரோஸ் பிரபுதான் தம் ஆறடித் தொலைநோக்கியால் பார்த்து, இதைச் சுருள் ஒண்முகில்களின் வரிசையில் வைத்தார்.

கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் எட்வர்டு ஃபாத் 1908இல் இதன் நிறமாலையைப் பதிவு செய்தார். மற்றச் சுருள்களில் கருங்கோடுகளே மிகுந்திருக்க, இதில் ஆறு ஒளிர்கோடுகள் தெரிந்தன. லோவெல் ஆய்வகத்தின் வெஸ்டோ ஸ்லிஃபர் 1917இல் வெளியிட்ட ஆய்வில் இது நொடிக்குச் சுமார் 1,100 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்வதைக் காட்டினார். ஒளிர்கோடுகள் கருவியின் பிளவைப்போல் மெல்லியவையாக இல்லாமல் சிறு வட்டில்களாக அகன்றிருந்ததையும் அவர் குறித்துள்ளார். மையத்திலுள்ள வாயு அதிவேகமாகச் சுழன்றோடுவதே அந்த அகலத்துக்குக் காரணம். கார்ல் செய்ஃபர்ட் 1943இல் இதையும் இதையொத்த ஐந்து பேரடைகளையும் விரிவாக ஆராய்ந்தார். அவர் பெயரே இவ்வகைக்கு நிலைத்தது.

1974இல் கச்சிக்கியன், வீட்மன் இருவரும் செய்ஃபர்ட் பேரடைகளை இரண்டாகப் பிரித்தனர். ஹைட்ரஜன் கோடுகள் மிக அகன்றிருப்பவை முதல் வகை. ஒப்பீட்டளவில் குறுகியிருப்பவை இரண்டாம் வகை. மெசியர் 77 இரண்டாம் வகை. ஆனால், 1985இல் அன்டோனூச்சியும் மில்லரும் இதன் முனைவாக்க ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது முதல் வகைக்குரிய அகன்ற கோடுகள் வெளிப்பட்டன. பேரடையின் மையத்திலுள்ள கருந்துளையைச் சுற்றி, உளுந்து வடை வடிவில் தடித்த தூசு வளையம் நின்று மையத்தை மறைக்கிறது. மேலே தப்பிச் சென்று எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறிய ஒளியே நம்மை எட்டுகிறது. ஆகவே இரு வகையும் அடிப்படையில் ஒன்றே என்று கருதப்படுகிறது. பார்க்கும் கோணம்தான் வேறு.

மையக் கருந்துளையின் நிறை ஏறத்தாழ ஒரு கோடி சூரிய நிறை. தென்துருவத்தின் ஐஸ்கியூப் ஆய்வகம் 2022இல் இப்பேரடையின் திசையிலிருந்து சுமார் 79 உயர் ஆற்றல் நியூட்ரினோக்கள் வந்ததாக அறிவித்தது.

இதன் பொலிவெண் ஏறக்குறைய 9. வான நடுவரைக்கு மிக அருகில் இருப்பதால் இரு அரைக்கோளத்தாரும் சிறிய தொலைநோக்கியால் இதைக் காணலாம்.